பெட்டிக்குள் வீடு மாறிய செவ்வாய்

மலையிலிருந்து சாரல் இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து விருந்தாளி மாதிரி பாயில் உட்கார்ந்துகொள்கிற ஊர் மேலச்செங்குளம். அந்த ஊரில் கல்யாணம் ஆனவர்கள், ஆகக் காத்திருக்கிறவர்கள், ஆகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் எல்லோருடைய ஜாதகமும் தரகர் மந்திரமூர்த்தியின் பச்சை டிரங்குப் பெட்டியில் ஒரு காலத்தில் படுத்துக் கிடந்தவைதான். மந்திரமூர்த்திக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருத்தம் பார்ப்பதற்கென்று ஒரு பெண் ஜாதகத்தையும் ஒரு பையன் ஜாதகத்தையும் முகத்தோடு முகம் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டால், அந்தப் பேச்சு முறிந்து, இரண்டு வீட்டாரும் தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு ஆகிவிட்டாலும், அவர் அந்த இரண்டு தாளையும் பிரித்து வைக்க மாட்டார். "சேத்து வச்ச சோடியப் பிரிக்கதுக்கு நான் ஆரு" என்பார். அதெல்லாம் ஒன்றுமில்லை, சுத்தச் சோம்பேறித்தனம் என்பது அவர் மனைவியின் கட்சி.

ஆடி பிறந்தால் தரகருக்கு வேலை இல்லை. ஆடியில் பெண் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, பேசினாலும் ஆவணியில் பேசலாம் என்று பேசுவதோடு சரி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மந்திரமூர்த்தி பழைய சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பார். அந்த வருஷத்து ஆடியில் சாரல் விடவே இல்லை. உப்பு கரைந்தது, தீப்பெட்டி நமத்தது, அப்பளம் துணி மாதிரித் துவண்டது, ஜன்னல் கதவுகள் ஊதிப்போய் மூடினால் திறக்காமலும் திறந்தால் மூடாமலும் அடம்பிடித்தன. அந்த ஈரத்தில், பெட்டிக்குள் முகத்தோடு முகம் பார்த்தபடி வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கிரகங்கள், ஒருநாள் எழுந்து எதிர்த் தாளுக்குக் குடிபோயின. ஏன் போயின என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் எத்தனை காலத்துக்குத்தான் உட்கார்ந்திருப்பது, யாருக்கும் சலிக்கத்தான் செய்யும்.

பெட்டி ஆவணியில்தான் திறக்கப்பட்டது என்றாலும், ஆடியிலேயே அதன் சேதி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் தெரிந்தது உலகம்மையிடம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அம்மன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த உலகம்மைக்கு முப்பத்தைந்து வயது. வாய் என்றால் அப்படி ஒரு வாய். வரிசையில் முண்டுகிறவன், ஈரக் கையோடு பத்திரத்தை நீட்டுகிறவன், "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று கடைக்காரியை வாத்தியாராக்குகிறவன், எல்லோருக்கும் அவள் நாக்கில் ஆளுக்கொரு பங்கு உண்டு. ஊரில் அவளுக்குப் பயப்படாதது அவள் கடை மிஷின் மட்டும்தான். அதுவும் ஒரு தட்டு வாங்கினால் ஒழுங்காக ஓடும். அப்படிப்பட்ட உலகம்மை, ஆடியில் ஒரு காலை எழுந்தபோது, உள்ளே எதுவோ அணைந்திருப்பதை உணர்ந்தாள். கடையில் ஒருத்தன் நாலு பேரைத் தாண்டிக் கையை நீட்டினான். அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவன் தாளை வாங்கி நகல் எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அம்மா சொர்ணத்தம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பந்தான் எம் பிள்ளைக்குப் பொம்பளக் குணம் வந்திருக்கு" என்று பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரி, தபால்காரர் எல்லோரிடமும் சொல்லி வாய் ஓய்ந்தாள். உலகம்மைக்கு மட்டும், பால் பொங்கும் பொங்கும் என்று அடுப்பருகே நின்று நின்று கடைசிவரை அது பொங்காமலே போன மாதிரி இருந்தது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஆனால் சாப்பிட்டதும் தூங்கியதும் வேறு யாரோ.

அவளுடைய ஜாதகத்தின் கதை ஊருக்கே தெரியும். லக்னத்திலிருந்து எண்ணினால் எட்டாம் வீட்டில் செவ்வாய். எட்டில் செவ்வாய் இருந்தால் கட்டினவனுக்கு ஆகாது என்று வந்த வரனெல்லாம் வந்த வழியே போயின. ஏழு வருஷத்துக்கு முன்னால், விதைக்கடை கோமதிநாயகத்தின் ஜாதகம் வந்தபோது மட்டும் ஜோசியர் குற்றாலிங்கம் கட்டத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாலாம் வீட்டுல இருந்து குரு அந்தச் செவ்வாயப் பாக்கான். குரு பாக்கக் கோடி தோசம் போகும். தாராளமாச் செய்யலாம்" என்று சொன்னார். அந்த ஜாதகத்துக்கு நகல் எடுக்கக் கோமதிநாயகமே கடைக்கு வந்தான். "ஒரு காப்பி போதுமா" என்று அவள் கேட்டாள். "போதும்" என்று அவன் சொன்னான். போனவன் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் கேந்திப்பூ விதையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியாமல், சாரலில் நனைந்துகொண்டே போனான். அவ்வளவுதான் அவர்கள் பேசினது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் வரன் ஜாதகம் வந்தால் மூன்று நாள் சாமி அலமாரியில் வைப்பார்கள். வீட்டில் ஒரு குறையும் நடக்காமல் நாள் கழிந்தால் மேற்கொண்டு பேச்சு. பால் திரிந்தாலோ, விளக்கு சாய்ந்தாலோ ஜாதகம் திரும்பிப் போய்விடும். உலகம்மையின் ஜாதகம் கோமதிநாயகத்தின் வீட்டு அலமாரிக்குப் போன அன்றைக்கே, அலமாரிக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் சுக்குநூறாக உடைந்து கிடந்தது. அவன் அம்மா ஆவுடையம்மாள், "குரு பாத்தா என்ன, குமரன் பாத்தா என்ன, செவ்வாய் வந்த அன்னைக்கே வேலையக் காட்டிட்டே" என்று ஜாதகத்தைத் தரகர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அவனுக்கும் அமையவில்லை, அவளுக்கும் அமையவில்லை. கேந்திப்பூ மட்டும் கடைக்குப் பின்னால் வருஷா வருஷம் தானே உதிர்ந்து தானே முளைத்துக்கொண்டிருந்தது.

ஆவணி முதல் தேதி மந்திரமூர்த்தி பெட்டியைத் திறந்தார். ஒரு கட்டைப் பிரித்தார், மூடினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிரித்தார். சுக்கிரன் இருந்த கட்டத்தில் சுக்கிரன் இல்லை. அழித்த தடமும் இல்லை. அங்கே எப்போதும் எதுவும் எழுதப்படாத மாதிரித் தாள் வெளுப்பாக இருந்தது. எதிர்த் தாளில் இரண்டு சுக்கிரன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் இருந்தது நகல்தான், ஆனால் அவரவர் வீட்டில் எடுத்துப் பார்த்தபோது அசலிலும் அப்படியே ஆகியிருந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதல் நாள் கொஞ்சம் சத்தம் இருந்தது. இரண்டாம் நாள் எல்லோரும் அவரவர் கட்டத்தைப் பார்த்து யாருக்கு என்ன போயிற்று, என்ன வந்தது என்று தெரிந்துகொண்டார்கள், தெரிந்ததும் ஆடி முழுக்கப் புரியாமல் இருந்ததெல்லாம் புரிந்துவிட்டது. லாரி டிரைவர் ஒருவர் திடீரென்று பீடியை விட்டுவிட்டு மரத்தடியில் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தது ஏனென்றால் அவருக்குக் கேது கூடுதலாக வந்திருந்தது. கணக்கில் எப்போதும் கோட்டை விடுகிற ஹோட்டல்காரர் மகள் மனக்கணக்கில் புலியானதற்குப் புதன் காரணம், அந்தப் புதனைப் பறிகொடுத்த பேங்க் மாப்பிள்ளை தன் வீட்டுக் கதவு எண்ணையே மறந்து பக்கத்து வீட்டில் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தான். சனி போன வீட்டார் வாயைத் திறக்காமல் சாமிக்கு வடைமாலை சாத்தினார்கள். சனி வந்த வீட்டார், "எங்களது இல்லை, உரியவங்க அடையாளம் சொல்லி வாங்கிட்டுப் போகலாம்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் பார்த்தார்கள், ஒருத்தரும் வரவில்லை. குரு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் தங்கள் பிள்ளை ஜாதகத்தை ஊரிலேயே யோகமான ஜாதகத்தோடு முகம் சேர்த்து வைக்கச் சொல்லி மந்திரமூர்த்தியின் வாசலில் வெற்றிலை பாக்குடன் நின்றார்கள். ஜோசியர் குற்றாலிங்கம் கொஞ்சம்கூட அசரவில்லை. "போனது எங்க போச்சுன்னு என்னையக் கேட்டா? இப்பம் எது எங்க இருக்கோ அதுக்குப் பலன் சொல்லுதேன். அம்புட்டுதான் என் சோலி" என்று வெற்றிலையைக் குதப்பினார்.

அந்த ஆவணியில் ஊரே ஜாதகம் படிக்கக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் வேறெங்கும் இல்லை, அம்மன் ஜெராக்ஸ் வாசல்தான். மாறின கட்டத்துக்குப் புது நகல் எடுக்க வந்து நின்ற வரிசையில், பூக்காரி கண்டக்டருக்குச் சொன்னாள், கண்டக்டர் டீச்சருக்குச் சொன்னார். கட்டம் பன்னிரண்டு, கிரகம் ஒன்பது. குறுக்கே கோடு இழுத்து 'ல' போட்டிருக்கிற கட்டம் நீ நிற்கிற வீடு. அங்கிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போ. இரண்டு பேச்சு, நாலு தாய், ஏழு துணை, எட்டு ஆயுள். ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துப் பயப்படாதே, அதற்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவன் எங்கே போய்க் குடியிருக்கிறான் என்று தேடு. குடியிருக்கிறவன் எந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் பார், ஏனென்றால் ஒரு கிரகம் இருக்கிற இடத்தில் மட்டும் இருப்பதில்லை, பார்க்கிற இடத்திலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கட்டங்களை நகல் எடுத்தும் ஒன்றையும் படிக்கத் தெரியாத உலகம்மை, மிஷின் சத்தத்துக்கு நடுவே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய எட்டாம் வீடு காலியாக இருந்தது. செவ்வாய், கோமதிநாயகத்தின் இரண்டாம் வீட்டில் இருந்தான். முகத்தோடு முகம் வைத்தால் அவளுடைய எட்டும் அவனுடைய இரண்டும் ஒரே மூலையில் தொட்டுக்கொள்ளும். ஏழு வருஷம் தொட்டுக்கொண்டே கிடந்ததில் செவ்வாய் ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டான், அவ்வளவுதான். சொர்ணத்தம்மாள் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாள். தோஷமில்லாத சுத்த ஜாதகம் என்று குற்றாலிங்கமே சொல்லிவிட்டார். நாலு நாள் கழித்து, எந்த வாய் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதோ அதே ஆவுடையம்மாளின் வாய், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்று மந்திரமூர்த்தியிடம் கேட்டனுப்பியது.

"என்னட்டி சொல்லுத?" என்று சொர்ணத்தம்மாள் கேட்டாள்.

"நீ சொன்னாச் சரிம்மா" என்றாள் உலகம்மை. சொன்னபிறகு அவளுக்கே பயமாக இருந்தது. ஏழு வருஷம் நெஞ்சுக்குள் வைத்துக் காய்ச்சிய ஒன்று இருந்ததே, அது எங்கே? இந்த மனுஷி வாசற்படி ஏறினால் கேட்க வேண்டும் என்று எண்ணி எண்ணி அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே? அவள் ஆசைப்பட்ட கல்யாணம் வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் ஆசைப்பட்டவளைக் காணோம்.

அன்றைக்குக் கடையில் தன் ஜாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவள் முதல்முறையாகப் படித்தாள். கோடு இழுத்த கட்டம் விருச்சிகம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் யார் என்று வரிசையில் நின்ற பூக்காரியைக் கேட்டாள்.

"விருச்சிகத்துக்குச் செவ்வாய்தான் தாயி. வேற ஆரு?"

உலகம்மை மிஷினை நிறுத்தினாள். ஊர் எதைக் குறை என்று சொன்னதோ, அதுதான் அவள் வீட்டுக்கே சொந்தக்காரன். எட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் நேர் எதிரே இரண்டாம் வீட்டை, அவளுடைய பேச்சை, பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது பார்க்க ஆள் இல்லை. வீட்டுக்காரன் வெளியேறிய வீட்டைத்தான் எல்லோரும் சுத்தமாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாரலுக்கு நடுவே கோமதிநாயகம் கடைக்கு வந்தான். வாசலில் வழியை மறித்து ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தவனை, "உங்க அப்பன் வீட்டு ரோடால இது" என்று ஒரு அதட்டல் போட்டான். போட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டு உள்ளே வந்து நின்றான்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். "ஆடியில இருந்து எனக்குள்ள ஒருத்தி ஏசிக்கிட்டே இருக்கா. விதை அளக்கும்போது ஏசுதா, சாப்பிடும்போது ஏசுதா. ஒரு வார்த்தை பேசக் கூடாதா, ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துதுங்கா. மொதல்ல ஆருன்னு தெரியல. கட்டத்தப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. "வேற என்ன சொன்னா?"

"ஏழு வருசத்துல என்னைய ஒருநாளும் மறக்கலன்னு சொன்னா."

அவள் குனிந்து தாளை அடுக்கினாள். அடுக்கின தாளையே மறுபடி அடுக்கினாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்று அவன் சொன்னான். "அந்த டம்ளர் தானா விழல. ஒங்க சாதகம் வீட்டுக்கு வந்த சந்தோசத்துல எனக்குக் கை ஓடல, கால் ஓடல. தண்ணி குடிக்கப் போனேன், கை நடுங்கி விட்டுட்டேன். அம்மா ஓடி வந்து, செவ்வாய் வேலையக் காட்டிட்டேன்னா. நான் சும்மா நின்னேன். ரெண்டே ரெண்டு வார்த்தை, கை தவறிட்டுன்னு சொல்லல."

அவள் தனக்குள் கோபத்தைத் தேடினாள். தாளில் இருந்த மாதிரியே உள்ளேயும் அந்த இடம் வெளுப்பாக இருந்தது. அழுகை மட்டும் வந்தது. அதுவும் கோபம் துணைக்கு வராததால் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்லுதேன். இப்பம் எனக்குத் தைரியம் இருக்கு."

"அது என் தைரியம்லா" என்றாள் உலகம்மை. "என் வாயால நீங்க சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?"

வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு பழத்தட்டோடு வந்தாள். மந்திரமூர்த்தி பையோடு வந்தார், குற்றாலிங்கம் பஞ்சாங்கத்தோடு வந்தார். "ரெண்டு செவ்வாய வச்சுக்கிட்டு எம் பிள்ளை படுத பாட்டப் பாக்க முடியல மைனி" என்று ஆவுடையம்மாள் சொர்ணத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எலி மாதிரி இருந்த பையன் புலி மாதிரிச் சீறுதான். ஒங்க பிள்ளை சுத்த சாதகம், தங்கமான கொணம். பெரிய மனசு பண்ணணும்." சொர்ணத்தம்மாளின் முகம் ஏழு வருஷத்துக்கும் சேர்த்து மலர்ந்தது.

உலகம்மை கண்ணாடி டம்ளர்களில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அந்த ரெண்டு சாதகத்தையும் இப்படித் தாங்க" என்றாள். மந்திரமூர்த்தி கொடுத்தார். அவள் இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, முற்றத்தில் இறங்கிச் சாரலில் நின்று, நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்னட்டி செய்யுத? சுத்தமா இருக்கதக் கெடுக்காத" என்று அவள் அம்மா பதறினாள். உலகம்மை திரும்பிப் பார்க்கவில்லை. சாரல் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, தாளின் ஓரத்தில் தடவியிருந்த மஞ்சள் கரைந்து விரலில் இறங்கியது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் காது மடல் சூடேறியது, தொண்டை சூடேறியது, வயிற்றுக்குள் யாரோ பூட்டைத் திறந்து உள்ளே வந்து, வந்ததும் வராததுமாக அடுப்பை மூட்டினார்கள். நனைந்த சேலையிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை அது பாதியில் நிற்கவில்லை.

குற்றாலிங்கம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "போனவன் எட்டுக்கே வந்துட்டான்" என்றார். "பலன் சொல்லவா?"

"நான் சொல்லுதேன்" என்றாள் உலகம்மை. ஆவுடையம்மாளின் எதிரே வந்து நின்றாள். "அத்தை, ஒரு கண்ணாடி டம்ளருக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லாமப் போச்சுல்லா? இந்த ஏழு வருசத்துல இந்தப் பிள்ளை என்ன ஆனான்னு ஒரு எட்டு வந்து பாத்தியளா? கோயில்ல என்னைக் கண்டா, சாமியப் பாக்காம சுவத்தப் பாத்துட்டுப் போனியளே." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். வாயில்லாதவளா ஆயிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்ட." சொல்லச் சொல்ல இன்னும் வந்துகொண்டே இருந்தது, அடுக்கி வைத்த வரிசை குலையாமல், ஒன்று விடாமல். கோமதிநாயகத்துக்கென்று வைத்திருந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. அதை அவன் உள்ளே வைத்தே கேட்டுவிட்டான். கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு, "எட்டுல செவ்வாய் இருக்கு. இதான் நான். இப்பம் கேக்கணும்னாக் கேளுங்க" என்றாள்.

கோமதிநாயகத்தின் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

எல்லோரும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள், அப்புறம் ஜாதகத்தைப் பார்த்தார்கள். ஆவுடையம்மாளின் கை நெஞ்சுக்குப் போயிற்று. "பாத்தியளா" என்று ஆரம்பித்தாள். "வந்து உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள..."

உலகம்மை அவனையே பார்த்தாள். அவனுடைய பேச்சு வீட்டில் இப்போது யாரும் இல்லை. அவனுக்கென்று பிறக்கும்போதே அமைந்த செவ்வாய், கடகத்தில் நீசப்பட்டு, பலமில்லாமல், ஒரு மூலையில் பதுங்கிக் கிடக்கிற செவ்வாய். அவளுக்கு அது தெரியும், இப்போது கட்டம் படிக்கத் தெரியும். தன்னுடையதைக் கொஞ்சம் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது, கொடுக்கக் கூடாது என்றும் தோன்றியது. அவள் காத்திருந்தாள். அவன் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"என் கைதாம்மா" என்றான் கோமதிநாயகம். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்கிற குரல். "கை தவறிட்டு. அன்னைக்கும் என் கைதான். செவ்வாய் ஒண்ணும் பண்ணல."

ஆவுடையம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியது. "இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கதுக்கு என்னல" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழத்தட்டை எடுத்து உலகம்மை பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

உலகம்மை உள்ளே போய், கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட வாரியலை எடுத்து வந்தாள்.

"காலத் தூக்குங்க" என்று கோமதிநாயகத்திடம் சொன்னாள். "கண்ணாடி குத்திரும். ஏழு கழுத வயசாச்சு, ஒரு டம்ளர ஒழுங்காப் பிடிக்கத் தெரியல. நாளப்பின்ன வீட்டுல ஒரு கண்ணாடிச் சாமான் மிஞ்சுமா?"

அவன் காலைத் தூக்கிக்கொண்டான். குற்றாலிங்கம் மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் பிரித்து, ஆவணியில் மிச்சமிருக்கிற முகூர்த்தத்தைத் தேட ஆரம்பித்தார்.